விளக்கு எரிகிறது, செல்ஃப் எடுக்கவில்லை

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வழியாக நரிக்குடி போகிற பழைய டீசல் பஸ் ஒன்று காலையில் கிளம்ப மறுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஹெட்லைட் பளிச்சென்று எரிகிறது. ஹாரன் தெருவையே எழுப்புகிறது. செல்ஃப் மட்டும் 'டக்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு அடங்கிவிடுகிறது. "பேட்டரி போச்சுண்ணே" என்கிறார் டிரைவர். "லைட் இப்படி எரியுது, பேட்டரி எப்படிப்பா போகும்? செல்ஃபைக் கழட்டு" என்கிறார் எலக்ட்ரீஷியன். இருவர் சொல்வதும் தப்பாக இருக்க வாய்ப்புண்டு. பேட்டரியிலும் குறையில்லை, செல்ஃப் மோட்டாரிலும் குறையில்லை; இரண்டுக்கும் நடுவில், கேபிள் கிளாம்புக்கும் பேட்டரியின் ஈய முனைக்கும் இடையே, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு வெள்ளைப் படலம் உட்கார்ந்திருக்கும். பழைய பஸ்ஸின் மின்சாரப் பழுதுகளில் பெரும்பகுதி இந்த வகைதான். சாமான்கள் அவ்வளவு சீக்கிரம் கெடுவதில்லை. அவற்றைச் சேர்க்கிற வழிதான் கெடுகிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது புரியும். பெரிய பஸ்களில் பெரும்பாலும் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் எடுக்கிறார்கள். இரண்டு ஹெட்லைட்டும் சேர்ந்து இழுக்கிற மின்னோட்டம் சுமார் 6 ஆம்பியர். குளிர்ந்து கிடக்கும் ஆறு சிலிண்டர் இன்ஜினைச் சுற்ற செல்ஃப் மோட்டார் இழுப்பதோ சில நூறு ஆம்பியர்; 400 என்று எடுத்துக்கொள்வோம். அந்த வெள்ளைப் படலத்தின் மின்தடை ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு, அதாவது 0.01 ஓம் என்றும் வைத்துக்கொள்வோம். ஜெர்மானியரான கேயார்க் ஓம் 1827இல் வெளியிட்ட விதி எளிமையானது: மின்னோட்டத்தை மின்தடையால் பெருக்கினால் அங்கே தொலைகிற வோல்ட் வரும். ஹெட்லைட்டுக்கு 6 × 0.01 = 0.06 வோல்ட் இழப்பு. எந்தக் கண்ணுக்கும் தெரியாது. செல்ஃபுக்கு 400 × 0.01 = 4 வோல்ட் இழப்பு. ஏற்கெனவே பாரத்தில் பேட்டரி 20 வோல்ட் பக்கம் இறங்கியிருக்கும்போது இன்னொரு 4 வோல்ட் போனால் மோட்டார் சுற்றாது. ஆகவே விளக்கு எரிவது பேட்டரி நலத்துக்கும் சாட்சி இல்லை, இணைப்பின் நலத்துக்கும் சாட்சி இல்லை. 6 ஆம்பியர் போக வழி இருக்கிறது என்பதற்கு மட்டுமே சாட்சி.

அந்த 4 வோல்ட் எங்கே போகிறது என்றால், வெப்பமாகிறது. 400 ஆம்பியரை 4 வோல்ட்டால் பெருக்கினால் 1,600 வாட். ஒரு மின்சார அடுப்பு அளவு வெப்பம் கட்டைவிரல் அகல இடத்தில் பிறக்கிறது. அதனால்தான் நாலைந்து தடவை செல்ஃப் அடித்துப் பார்த்த பிறகு கேபிள் நுனிகளைப் புறங்கையால் மெல்லத் தொட்டுப் பார்க்கிறார்கள் அனுபவசாலிகள். எந்த முனை சுடுகிறதோ அதுதான் குற்றவாளி. மீட்டர் எதுவும் வேண்டாம்.

இந்தப் பழுதுகள் டீசல் பஸ்ஸில் ஏன் இவ்வளவு சேர்ந்துபோகின்றன என்பதற்கு ஒரு காரணம் உண்டு. ருடால்ஃப் டீசல் 1897இல் ஓட்டிக் காட்டிய இன்ஜினுக்குத் தீப்பொறி தேவையில்லை. காற்றை இறுக்கி இறுக்கிச் சூடாக்கி அதில் எரிபொருளைப் பீய்ச்சினால் தானாகப் பற்றிக்கொள்கிறது. பீய்ச்சுகிற வேலையைப் பழைய பஸ்களில் செய்தது, இன்ஜினோடு பல்சக்கரத்தால் பிணைக்கப்பட்ட இயந்திர பம்ப். பெங்களூரில் 1951இல் தொடங்கிய மைக்கோ நிறுவனத்தின் பெயர் பொறித்த அந்த பம்ப்பை மெக்கானிக் பட்டறைகளில் இன்றும் பார்க்கலாம். ஒருமுறை இன்ஜின் ஓடத் தொடங்கிவிட்டால் பேட்டரியை மறந்துவிடலாம். நிறுத்துவதற்குக்கூடப் பல பஸ்களில் மின்சாரம் கிடையாது; டிரைவர் ஒரு குமிழை இழுத்து டீசலை அடைப்பார். செல்ஃப் எடுக்காத பஸ்ஸைப் பயணிகள் இறங்கித் தள்ளினால் கிளம்பிவிடுவதும், ராத்திரி சரிவு பார்த்து வண்டியை நிறுத்துவதும், டீ குடிக்கிற நேரத்திலும் இன்ஜினை அணைக்காமல் விடுவதும் இந்த ஒரு குணத்தால்தான். பெட்ரோல் வண்டியாக இருந்தால் மின்சாரம் தடுமாறிய அன்றே நடுரோட்டில் நின்று பழுதைப் பார்க்க வைத்துவிடும். டீசல் இன்ஜின் பொறுத்துக்கொள்கிறது. அது பொறுக்கப் பொறுக்க வயர்களில் கோளாறு மேல் கோளாறாகக் குவிகிறது. ஒரு நாள் பார்க்கப் போனால் ஒரு பழுதுக்குப் பதில் ஏழெட்டுப் பழுது ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும்.

தென்மாவட்டத்துக்கு பஸ் புதிதல்ல. டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1910களின் தொடக்கத்திலேயே இந்தப் பக்கம் பஸ் விட்டவர். 1972இல் மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு பாண்டியன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. 1997இல் அது தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்ற பெயருக்குள் வந்தது. அருப்புக்கோட்டையிலும் அதன் பணிமனை இருக்கிறது. இந்தப் பக்கத்துச் சாலைகளில் ஓடிய வண்டிகளில் பல எண்ணூர் அசோக் லேலண்ட் சேஸி. செல்ஃபும் டைனமோவும் பெரும்பாலும் 1961இல் சென்னை பாடியில் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ் தயாரிப்பு. அரசு வண்டிகள் 15 வயதைத் தாண்டினால் பதிவு ரத்து என்று 2023 ஏப்ரல் முதல் மத்திய அரசின் விதி வந்துவிட்டது. ஆனால் தனியார் கைகளில் பள்ளிக்கூட பஸ்ஸாகவும் மில் பஸ்ஸாகவும் பழைய வண்டிகள் இன்னும் ஓடத்தான் செய்கின்றன. அவற்றின் வயரிங்கைத் தொடுகிறவர்களுக்கு முழு வரைபடம் எதுவும் கையில் இருக்காது. மீட்டரும் டெஸ்ட் லேம்பும் ஞாபகமும்தான்.

ஊர் மண்ணுக்கும் இதில் பங்குண்டு. கரிசல் மண் ஈரத்தில் உப்பும், வெயிலில் பிளக்கும். அதன்மேல் போட்ட சாலை சீக்கிரம் அலையலையாகிவிடும். அந்த அலைகளில் ஓடும் பஸ்ஸின் அதிர்வு, கேபிள் நுனியில் லக்கு கடித்துப் பிடித்திருக்கும் இடத்தில்தான் போய்ச் சேரும். செம்பு இழைகள் அங்கே ஒவ்வொன்றாக ஒடியும். வெளியே ரப்பர் உறை முழுசாக இருக்கும். உள்ளே முப்பது இழையில் நாலுதான் மிச்சமிருக்கும். தூசி காய்ந்திருக்கும்வரை பெரிய தீங்கு செய்யாது. ஐப்பசி மழையில் அது சேறாகி இணைப்புகளில் ஒட்டிக்கொண்டால் ஈரம் நாள்கணக்கில் அங்கேயே நிற்கும். எட்டு மாதம் ஒழுங்காக ஓடிய வண்டி தீபாவளிக்கு முந்தின வாரத்தில் கழுத்தறுப்பதற்குக் காரணம் இதுதான்.

அடுத்தது பேட்டரித் தண்ணீர். பிரான்சின் காஸ்டன் பிளாண்டே 1859இல் உருவாக்கிய ஈய-அமில பேட்டரியேதான் இன்றும் பஸ்ஸின் அடியில் இருக்கிறது; அடிப்படை மாறவில்லை. வெப்பம் 10 டிகிரி கூடினால் உள்ளே நடக்கும் வேதிவினைகளின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பொதுவான கணக்கு. சித்திரை வெயிலில் இன்ஜின் சூட்டையும் சேர்த்து வாங்கும் பேட்டரி தண்ணீரை வேகமாக இழக்கும், தகடுகள் வேகமாக அரிபடும். வெப்ப நாடுகளில் அமிலத்தின் அடர்த்தியைச் சற்றுக் குறைத்தே ஊற்றுவது இதற்காகத்தான். குறைகிற தண்ணீரை ஈடுகட்ட டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். அவசரத்தில் போர் தண்ணீரை ஊற்றினால் என்ன ஆகும்? திருச்சுழி, நரிக்குடிப் பக்கத்து நிலத்தடி நீரின் உப்பு யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதிலுள்ள குளோரைடு நேர்த்தகட்டை அரிக்கிறது. இரும்புச் சத்து இன்னும் தந்திரமானது. நேர்த்தகட்டுக்குப் போய் எலக்ட்ரானை இழந்து, எதிர்த்தகட்டுக்கு வந்து எலக்ட்ரானைப் பெற்று, மறுபடியும் நேர்த்தகட்டுக்கு என்று அது ஓயாமல் நடந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு நடைக்கும் பேட்டரியின் சக்தி கொஞ்சம் கரையும். யாரும் எதையும் போடாமலே பேட்டரி டவுன் ஆகிவிடும்.

இந்த வேதியியலை ஆராயவென்றே ஒரு தேசிய நிறுவனம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் காரைக்குடிக்கு வந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953இல் திறக்கப்பட்டது. பேட்டரியும் துருவும் அங்கே ஆராய்ச்சிப் பொருள்கள். பஸ்ஸின் மின்சாரப் பழுதில் பாதி பேட்டரி, பாதி துரு என்பதை நினைத்தால் பொருத்தமான அண்டை வீடுதான்.

இனி பழுதைத் தேடும் முறைக்கு வருவோம். கண்மாய் நிறையத் தண்ணீர் கிடக்கிறது. மடையில் சேறு அடைத்திருக்கிறது. வயலுக்கு நீர் வரவில்லை. இப்போது கண்மாயின் மட்டத்தை அளந்துவிட்டுத் தண்ணீர் நிறைய இருக்கிறது என்று சொன்னால் அந்த அளவு சரிதான், ஆனால் பயனில்லை. மடையைத் திறந்து, நீர் ஓடும்போது மடைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மட்டம் எவ்வளவு மாறுகிறது என்று பார்த்தால்தான் அடைப்பு தெரியும். ஓடாத நீரில் இரு பக்க மட்டமும் ஒன்றாகவே நிற்கும். மீட்டரை வைத்து வோல்ட் பார்க்கிறவர்கள் செய்கிற வழக்கமான வேலை, நீர் ஓடாதபோது மட்டம் பார்ப்பதுதான்.

மீட்டரின் குணமும் அப்படி. சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள்தடை சுமார் ஒரு கோடி ஓம். அளப்பதற்கு அது இழுக்கிற மின்னோட்டம் இல்லை என்றே சொல்லலாம். நடுவில் 1,000 ஓம் அளவுக்குத் துருப்பிடித்த இணைப்பு இருந்தாலும் அது 24 வோல்ட் என்று கண்ணை மூடிக்கொண்டு காட்டும். அதே இடத்தில் ஒரு 24 வோல்ட் பல்பில் இரண்டு வயர் கட்டிச் செய்த டெஸ்ட் லேம்பை வைத்தால் எரியாது. பல்பு உண்மையாகவே மின்னோட்டத்தை இழுக்கிறது; அந்தத் துரு அதைக் கொடுக்க முடியவில்லை. சில ஆயிரம் ரூபாய் மீட்டர் சொல்வதைவிட இருபது முப்பது ரூபாய் பல்பு சொல்வதை நான் நம்புவேன், பழைய பஸ்ஸைப் பொறுத்தவரை.

மீட்டரையும் சரியாகப் பயன்படுத்த வழியுண்டு. இதற்கு 'வோல்ட் டிராப்' பார்ப்பது என்று பெயர். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் ஈய முனையின் நடுவில் குத்திப் பிடிக்க வேண்டும். கிளாம்பில் அல்ல, ஈயத்திலேயே. இன்னொரு முனை கிளாம்பின்மேல். "தம்பி, செல்ஃப் அடி" என்று டிரைவரிடம் சொல்ல வேண்டும். செல்ஃப் அடிக்கிற அந்த இரண்டு விநாடியில் மீட்டர் 0.1 அல்லது 0.2 வோல்ட்டுக்குள் காட்டினால் அந்த இணைப்பு சுத்தம். 2 வோல்ட், 3 வோல்ட் என்று ஏறினால் வேறெங்கும் தேட வேண்டாம். கிளாம்பைக் கழற்றி உட்புறத்தைப் பார்த்தால் வெள்ளையும் பச்சை நீலமுமாகப் பூத்திருக்கும். வெள்ளையாக இருப்பது ஈயத்தின் சல்பேட். பச்சை நீலம் அமில ஆவி பட்டுச் செம்பு அரித்ததால் உண்டானது. சோடா உப்பு கரைத்த வெந்நீரை ஊற்றினால் நுரைத்துக்கொண்டு கழன்றுவிடும். செல்லுக்குள் மட்டும் ஒரு சொட்டு விழக்கூடாது. ஈயம் மின்னும்வரை சுரண்டி, இறுக்கி, அதன் பிறகுதான் மேலே வாசலைனோ கிரீஸோ. இறுக்குவதற்கு முன்னால் தடவுகிற பழக்கம் பலரிடம் உண்டு. காற்றையும் ஆவியையும் தடுக்கத்தான் கிரீஸ், மின்சாரத்தைக் கடத்த அல்ல. கழற்றும்போது எர்த் பக்கத்தை முதலில் கழற்றுவது நல்லது. ஸ்பேனர் தவறி பாடியில் பட்டாலும் பொறி பறக்காது. சார்ஜ் ஆன பேட்டரியின் மேலே ஹைட்ரஜன் நிற்கும். பொறி பட்டால் பேட்டரி வெடிக்கும்.

கிளாம்பில் ஒன்றும் இல்லையென்றால் அடுத்த இணைப்பு, அதற்கடுத்த இணைப்பு என்று செல்ஃப் வரைக்கும் போக வேண்டும். அதன் பிறகு எல்லாரும் மறந்துவிடுகிற பகுதி: செல்ஃபிலிருந்து பேட்டரிக்குத் திரும்பி வரும் வழி. போன 400 ஆம்பியரும் திரும்பி வந்தாக வேண்டும். அதற்குத் தனி வயர் கிடையாது. இன்ஜின் இரும்பும் சேஸி இரும்புமே வயர். எர்த் என்பது அதுதான். இன்ஜினோ ரப்பர் மவுண்ட்டிங்கில் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே இன்ஜினையும் சேஸியையும் சேர்க்கப் பின்னல் செம்புப் பட்டை ஒன்று இருக்கும். எண்ணெயும் தூசியும் அப்பி, இருப்பதே தெரியாமல் கிடக்கும். அது அறுந்துவிட்டால் மின்னோட்டம் சும்மா இருப்பதில்லை. ஆக்சிலேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள் என்று இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே உலோகத் தொடர்பு எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் பாயும். செல்ஃப் அடித்தவுடன் ஆக்சிலேட்டர் கேபிள் புகைந்தால், கேபிள் மாற்றியும் மறுபடி மறுபடி இறுகிக்கொண்டால், எலக்ட்ரீஷியன் பார்க்க வேண்டியது கேபிளை அல்ல, அந்தப் பட்டையை.

விளக்குகளின் எர்த் இதைவிடச் சுவாரசியம். நம் பஸ்களின் சேஸி ஓரிடத்தில் பிறக்கிறது, பாடி வேறிடத்தில். கரூரில் பாடி கட்டுவது பெரிய தொழில். சேஸியின்மேல் பாடியை வைத்து, நடுவே கட்டையோ ரப்பரோ கொடுத்து, போல்ட் போட்டு, மேலே பெயின்ட் அடித்துவிடுவார்கள். பின் விளக்கு பாடியில் இருக்கிறது. பேட்டரி எர்த் சேஸியில் இருக்கிறது. நடுவில் பெயின்ட்டும் துருவும் உள்ள போல்ட்டுகள். வண்டி புதிதாக இருக்கும்வரை ஓடும். பத்து வருஷம் கழித்து, பின்பக்கத்து விளக்குகளில் பேய் புகுந்துவிடும்.

பேய் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. இரவு. பார்க்கிங் லைட் போட்டிருக்கிறது. பின்பக்கம் இடது விளக்கு சிவப்பாக எரிகிறது. டிரைவர் பிரேக்கை மிதிக்கிறார். விளக்கு இன்னும் பளிச்சென்று எரிய வேண்டும். மாறாக அணைந்துவிடுகிறது. காலை எடுத்தால் மறுபடி எரிகிறது. பல்பை மாற்றினாலும் அப்படியே, ஸ்விட்சை மாற்றினாலும் அப்படியே.

அந்த பல்புக்குள் இரண்டு இழைகள் இருக்கின்றன: பார்க்கிங்குக்கு 5 வாட், பிரேக்குக்கு 21 வாட். இரண்டின் மறுமுனைகளும் பல்பின் உலோக உடம்பில் ஒன்றாகச் சேர்ந்து எர்த்துக்குப் போகின்றன. அந்த எர்த் அறுந்துவிட்டது. பார்க்கிங் லைட் போட்டதும் மின்னோட்டம் 5 வாட் இழை வழியாக பல்பின் உடம்புக்கு வருகிறது. எர்த் இல்லை. ஆனால் 21 வாட் இழை இருக்கிறதே. அதன் வழியாகத் தலைகீழாக ஏறி பிரேக் வயருக்குப் போகிறது. அந்த வயர் வலப்பக்க பிரேக் விளக்குக்கும் போகிறது. அங்கே எர்த் நன்றாக இருக்கிறது. அந்த வழியாக இறங்கிவிடுகிறது. 5 வாட் இழையின் தடை எரியும்போது 115 ஓம் அளவு. குளிர்ந்த 21 வாட் இழைகளின் தடை சில ஓம்தான். ஆகவே வோல்ட் முழுக்க 5 வாட் இழையின்மீதே விழுகிறது. அது வழக்கம்போல எரிகிறது. யாருக்கும் சந்தேகம் வராது. இப்போது பிரேக்கை மிதித்தால் பிரேக் வயரிலும் 24 வோல்ட் வந்துவிடுகிறது. இந்தப் பக்கம் 24, அந்தப் பக்கமும் 24. வித்தியாசம் இல்லாத இடத்தில் ஓட்டம் இல்லை. விளக்கு அணைகிறது.

பகலில் இதே வண்டி வேறு முகம் காட்டும். பார்க்கிங் லைட் அணைந்திருக்கிறது. பிரேக்கை மிதித்தால் இடது பக்கம் பிரேக் விளக்குக்குப் பதில் மங்கலான பார்க்கிங் இழை எரியும். கூடவே முன்பக்கத்துப் பார்க்கிங் விளக்குகளும் லேசாகச் சிவக்கும். மின்னோட்டம் இப்போது எதிர்த்திசையில், பிரேக் இழை வழியாக இறங்கிப் பார்க்கிங் இழை வழியாக ஏறி, பஸ்ஸின் மறுகோடியில் எர்த் தேடுகிறது. ஒன்றைப் போட்டால் இன்னொன்று எரிகிறது, ஒன்று எரியும்போது இன்னொன்று அணைகிறது என்று எந்த வண்டியைப் பற்றிச் சொன்னாலும் முதல் சந்தேகம் எர்த்தின் மேல்தான் வர வேண்டும். சோதிப்பது சுலபம்: பேட்டரியின் எதிர்முனையிலிருந்து ஒரு நீள வயரை இழுத்துவந்து பல்பு ஹோல்டரின் உலோகத்தில் தொட்டுப் பாருங்கள். பேய் அந்த விநாடியே ஓடிவிட்டால் பல்பையும் ஸ்விட்சையும் தொட வேண்டியதில்லை. நிரந்தர வைத்தியமும் அதே நீள வயர்தான். ஒவ்வொரு விளக்குக் கூட்டத்துக்கும் தனி எர்த் வயரை சேஸிவரை இழுத்து, பெயின்ட்டைச் சுரண்டிப் பளபளப்பான இரும்பில் போல்ட் போடுவது. பாடி கட்டும்போதே இதைச் செய்தால் செலவு மிகக் குறைவு; செய்பவர்கள் குறைவு.

'டக்' சத்தத்துக்குத் திரும்ப வருகிறேன், ஏனென்றால் அது ஒரே சத்தமல்ல. ஒரு 'டக்'கோடு அடங்குவது வேறு, 'டக்டக்டக்டக்' என்று அடித்துக்கொண்டே இருப்பது வேறு. செல்ஃபின் தலையில் சொலினாய்டு இருக்கிறது. அதில் இரண்டு சுருள்கள். ஒன்று பலமாக இழுக்க, இன்னொன்று இழுத்ததை லேசாகப் பிடித்து வைக்க. இழுத்து முடிந்து பெரிய காண்டாக்ட் சேர்ந்தவுடன் இழுக்கும் சுருளின் இரண்டு முனையிலும் ஒரே வோல்ட் வந்து அது ஓய்ந்துவிடும். பிடிக்கிற சுருள் மட்டும் வேலை செய்யும். பேட்டரி டவுன் என்றால் மோட்டார் இழுக்கத் தொடங்கிய கணமே வோல்ட் சரிந்து பிடிக்கிற சுருளும் விட்டுவிடுகிறது. காண்டாக்ட் விலகுகிறது. பாரம் போனதும் வோல்ட் மீண்டும் ஏறுகிறது. மறுபடி இழுக்கிறது. இந்தச் சுற்றின் சத்தம்தான் 'டக்டக்டக்'. அப்போது ஹெட்லைட்டும் சேர்ந்து துடிக்கும். ஒரே ஒரு 'டக்', ஹெட்லைட் கொஞ்சமும் மங்கவில்லை என்றால் கதை வேறு: பெரிய மின்னோட்டம் ஓடவே இல்லை. சொலினாய்டின் உள்ளே காண்டாக்ட் கரிந்திருக்கலாம், செல்ஃபுக்குள் கார்பன் தேய்ந்திருக்கலாம், எர்த் பட்டை போயிருக்கலாம். ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு செல்ஃப் அடித்துப் பார்ப்பது பாதி வழியைக் குறைத்துவிடும்.

டைனமோ பற்றிச் சுருக்கமாக. இப்போது வண்டியில் இருப்பது ஆல்டர்னேட்டர்தான். பட்டறையில் அது இன்னும் டைனமோ. சாவி போட்டதும் டேஷ்போர்டில் எரியும் சிவப்பு பல்பு வெறும் எச்சரிக்கைக்கு இல்லை. பல வண்டிகளில் அந்த பல்பின் வழியாகப் போகிற சிறு மின்னோட்டம்தான் ஆல்டர்னேட்டரின் சுழலியைக் காந்தமாக்கி வேலையைத் தொடக்கி வைக்கிறது. பல்பு ஃபியூஸ் ஆனால் சிவப்பு எரியாது, டிரைவர் எல்லாம் சரி என்று நினைப்பார், சார்ஜ் ஏறாது. சாவி போட்டவுடன் சிவப்பு எரிகிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும், ஓடும்போது அணைகிறதா என்பது இரண்டாவது. ஓடுகிற இன்ஜினில் பேட்டரி முனைகளில் 28 வோல்ட் பக்கம் இருந்தால் சார்ஜ் சரி. 30ஐத் தாண்டினால் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் போய்விட்டது, பேட்டரி கொதிக்கும். உள்ளே இருக்கும் டயோடுகளில் ஒன்று கசிந்தால் ராத்திரி முழுக்க பேட்டரியின் சக்தி அதன் வழியே வடியும். விடிகாலையில், இன்ஜின் சில்லென்று கிடக்கும்போது ஆல்டர்னேட்டரைத் தொட்டால் அது மட்டும் வெதுவெதுப்பாக இருக்கும். சார்ஜ் ஏறுகிறதா என்று பார்க்க, இன்ஜின் ஓடும்போதே பேட்டரி வயரைக் கழற்றுகிற பழைய வித்தை ஒன்று உண்டு. பழைய டைனமோ காலத்தில் தப்பித்துக்கொண்டார்கள். ஆல்டர்னேட்டரில் அப்படிச் செய்தால் பாரம் திடீரென விலகி வோல்ட் ஒரு கணம் 100ஐக் கூடத் தாண்டும். டயோடுகளும் ரெகுலேட்டரும் ஒரே அடியில் காலி.

ஃபியூஸ் விஷயத்தில் கோபப்படாமல் எழுத முடியவில்லை. அடிக்கடி போகிற ஃபியூஸுக்குப் பதில் செம்பு இழைகளை முறுக்கிப் போடுவது பழைய வண்டிகளில் சகஜம். வில்லியம் ப்ரீஸ் என்ற வேல்ஸ் நாட்டுப் பொறியாளர் 19ஆம் நூற்றாண்டிலேயே இதற்குக் கணக்குக் கொடுத்துவிட்டார்: செம்புக் கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை ஒன்றரை அடுக்குக்கு உயர்த்தி, 80ஆல் பெருக்கினால் அது உருகும் ஆம்பியர் கிடைக்கும். 0.3 மில்லிமீட்டர் இழை ஒன்று 13 ஆம்பியரில் உருகும். அதில் ஐந்தை முறுக்கிப் போட்டால் 65 ஆம்பியர். அந்த ஃபியூஸ் காக்க வேண்டிய வயர் 20 ஆம்பியருக்கே திணறும். ஃபியூஸ் உருகுவதற்கு வெகுநேரம் முன்பே டேஷ்போர்டுக்குப் பின்னால் வயர் உறை உருகித் தீப்பிடிக்கும். ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்றால் எங்கோ வயர் பாடியில் உரசுகிறது என்று பொருள். பெரும்பாலும் தகட்டில் துளை போட்டு வளையம் போடாமல் வயரை நுழைத்த இடம். ஃபியூஸ் இடத்தில் டெஸ்ட் லேம்பை மாட்டிவிட்டு வயர்க் கட்டை அங்கங்கே அசைத்துக்கொண்டே போனால், உரசுகிற இடம் வரும்போது லேம்ப் பளிச்சிடும்.

கடைசியாக ஒரு பழுது, தென்மாவட்டத்துத் தனியார் பஸ்களுக்கே உரியது என்று சொல்லத் தோன்றுகிறது. பாட்டு இல்லாமல் இங்கே பஸ் ஓடாது. ஆம்ப்ளிஃபயர் பெரும்பாலும் காருக்குச் செய்தது. 12 வோல்ட் கேட்கும். பஸ்ஸில் இருப்பது 24. இரண்டு பேட்டரிகளில் எர்த் பக்கம் இருக்கிற ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட்டை இழுத்துவிடுகிறார்கள். பாட்டு அருமையாகக் கேட்கிறது. ஆனால் அந்த ஒரு பேட்டரி மட்டும் நாள் முழுக்கக் கூடுதலாக இறங்குகிறது. ஆல்டர்னேட்டருக்கு இது தெரியாது. அது இரண்டின் கூட்டுத்தொகையை மட்டும் பார்க்கிறது. 28 வந்துவிட்டதா, சரி. உள்ளே ஒன்று 13 வோல்ட்டில் அரைப் பசியோடு கிடக்கும், இன்னொன்று 15 வோல்ட்டில் கொதித்துக்கொண்டிருக்கும். அரைப் பசியில் கிடப்பதன் தகடுகளில் ஈய சல்பேட் இறுகுகிறது. கொதிப்பது தண்ணீரை இழந்து வறள்கிறது. இரண்டையும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியிருப்பார்கள். ஒன்று பழுதாக, இன்னொன்றும் வேறு காரணத்தால் பின்னாலேயே பழுதாகும். கம்பெனி சரியில்லை என்று முடிவாகிவிடும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். இன்ஜின் ஓடும்போது இரண்டு பேட்டரிகளையும் தனித்தனியாக அளந்தால், வித்தியாசம் 0.5 வோல்ட்டைத் தாண்டினால், இரண்டும் சேரும் நடு முனையில் யாரோ எதையோ கட்டியிருக்கிறார்கள். பேட்டரிகளை இடம் மாற்றிப் போட்டால் தலைவலியும் இடம் மாறும், போகாது. 24ஐ 12ஆக்கித் தரும் கன்வெர்ட்டர் கடைகளில் கிடைக்கிறது; ஆம்ப்ளிஃபயர் இழுக்கும் ஆம்பியருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்து வாங்கி, தனி ஃபியூஸ் போட்டு, அதன் எர்த்தை சீட்டுக் கம்பியில் சுற்றாமல் சேஸிவரை இழுத்துவிட்டால் பாட்டும் ஓடும், செல்ஃபும் எடுக்கும்.